விளைமீன் இல்லாட்டி ஓரா

தம்பிமாரே, பேப்பரை மடிச்சு வைச்சிட்டு ஒருக்கா இஞ்சாலை திரும்புங்கோ. 'சத்தம் போடக்கூடாது' எண்டு வாசிகசாலைச் சுவரிலை எழுதிக் கிடக்கு. அதுக்குக் கீழை குந்தியிருந்துதான் நீங்கள் ஆளையாள் விழுங்கிறியள். இது 2024 ஆம் ஆண்டு; வாற செப்ரெம்பர் 21 ஆம் திகதி சனாதிபதித் தேர்தல். 22 ஆம் திகதியும் நீங்கள் இதே ஒழுங்கையிலைதான் குடியிருக்கப் போறியள். கொழும்பிலை கதிரை ஏறப்போறவருக்கு உங்கடை ஒழுங்கை எங்கை கிடக்கெண்டும் தெரியாது. ஆருக்காக ஆரோடை கோவிக்கிறியள்? இந்தக் கிழவன் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. கேட்டுப்போட்டு வழமை போலை விட்டிடுங்கோ.

முதலிலை ஓட்டோக்காரத் தம்பி. ஆள் திசைகாட்டிச் சின்னக்காரன். 76 வருசமாய் மாறி மாறி ஆண்டவையை வீட்டை அனுப்ப வேணுமெண்டு நிக்கிறான். அனுப்பு ராசா, நானும் படலை மட்டும் வந்து வழியனுப்பிறன். 2019 இலை 3.16 வீதம் எடுத்த அநுரகுமாரவுக்கு இப்ப போற இடமெல்லாம் சனம் நிரம்பி வழியுது. பெற்றோல் வரிசையிலை வெயில் குடிச்ச கோவம் எங்கையாவது போய்ச் சேரத்தானே வேணும். ஆனால் மோனை, திசைகாட்டியின்ரை முள்ளு எந்த நேரமும் வடக்கைத்தான் காட்டும். காட்டும், வராது. அதுவும் திசையைப் பற்றி அவையளுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. வடக்கையும் கிழக்கையும் ஒண்டாய் வைச்சிருக்கக் கூடாதெண்டு கோட்டுக்குப் போனது அநுரவின்ரை ஜே.வி.பி. 2006 ஒக்ரோபரிலை உச்ச நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாதெண்டு சொல்லிப்போட்டுது. ஓட்டோவிலை ஒட்டின ஸ்ரிக்கரைக் கழட்டச் சொல்லி நான் சொல்லேல்லை. அவையள் வாக்குக் கேட்டு வரேக்கை, 'ஐயா, கிழக்கு எந்தப் பக்கம்?' எண்டு ஒருக்காக் கேட்டுப்பார்.

அடுத்தது எங்கடை சங்கக்கடை மனேச்சர். அவர் ரணிலின்ரை காஸ் சிலிண்டர்ச் சின்னம். அவரின்ரை கதையிலையும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்பிரலிலை வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாதெண்டு நாடு கையை விரிச்சது. அந்த வருசம் செப்ரெம்பரிலை கொழும்பிலை விலைவாசி முந்தின வருசத்தை விட 69.8 வீதம் ஏறி நிண்டது. பேந்து ஐ.எம்.எப் காரர் 290 கோடி டொலர் தாறமெண்டு ஒத்துக்கொண்டு, இப்ப கடையிலை சாமான் இருக்கு, வாசலிலை வரிசை இல்லை. வாங்கக் காசு இல்லாததாலையும் வரிசை குறையலாம், மனேச்சர். உங்கடை கடன் கொப்பியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒண்டு மட்டும் மெச்சவேணும். அண்டைக்குச் சிலிண்டர் கிடைக்காமல் பனம்மட்டை பொறுக்கின சனத்திட்டை, இண்டைக்குச் சிலிண்டர்ப் படத்தைக் கொண்டுவந்து நீட்டி வாக்குக் கேக்கிறதுக்கு ஒரு துணிவு வேணும். ரணில் 1999 இலை கேட்டார், தோத்தார். 2005 இலை கேட்டார், தோத்தார். 2020 பொதுத் தேர்தலிலை அவரின்ரை கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைச்சது தேசியப்பட்டியலிலை ஒரேயொரு ஆசனம். அந்த ஒண்டிலை ஏறி வந்து, 2022 யூலையிலை 134 எம்.பிமாரின்ரை வாக்கோடை சனாதிபதியாய் இருந்திட்டார். சனத்தின்ரை வாக்கில்லாமலே கதிரைக்கு வழி தெரிஞ்ச மனிசனுக்கு உங்கடை ஒரு வாக்கு என்னத்துக்கு, மனேச்சர்?

மருமோன் என்ன பேசாமல் இருக்கிறியள்? தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்தனீங்கள்; உங்களுக்கு ரெலிபோனிலை பாசம் இருக்கத்தானே செய்யும். ரெலிபோன் சின்னக்காரர் சஜித் 13 ஐ முழுசாய்த் தருவார் எண்டுறியள். மாகாண சபையளைக் கொண்டுவந்த அந்த 13 ஆம் திருத்தம் வந்தது 1987 இலை. அப்ப என்ரை தலைமயிர் கறுப்பு. வட மாகாண சபைக்கு எண்டு எங்களைக் கூப்பிட்டு முதல்முதல் வாக்குப் போடவிட்டது 2013 இலை, அதுவும் இதே செப்ரெம்பர் 21 ஆம் திகதி. 2018 ஒக்ரோபரோடை அந்தச் சபையின்ரை காலம் முடிஞ்சுது. பிறகு தேர்தலும் இல்லை, சபையும் இல்லை, ஆளுநர் மட்டும் இருக்கிறார். முழுசாய்த் தாறது ஒருபக்கம் கிடக்கட்டும், அரைகுறையாய்க் கிடந்ததையும் காணேல்லையெண்டு ஆருக்காவது ஒரு ரெலிபோன் எடுத்துச் சொன்னனீங்களோ? தேர்தலுக்கு முதல் அடிச்சால் முதல் மணியிலையே எடுப்பினம். தேர்தலுக்குப் பிறகு அடிச்சால், ஆள் இல்லையெண்டு ஒரு பிள்ளை மூண்டு பாசையிலை சொல்லும். மூண்டிலை ஒண்டு தமிழ். மொழியுரிமை அவ்வளவுக்குத்தான் அமுலிலை இருக்கு.

வாத்தியார் சங்கு. அவருக்கு முன்னாலை நான் கொஞ்சம் கவனமாய்க் கதைக்கவேணும், எனக்கே பிழை திருத்துவார். தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் வெல்லமாட்டார் எண்டது அவருக்கும் தெரியும். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. வெல்லுவன் எண்டு சொல்லாமல் வாக்குக் கேக்கிற வேட்பாளரை நான் இந்த வயசுக்கு இப்பத்தான் காணுறன். அதுக்கே ஒரு மரியாதை குடுக்கலாம். ஆனால் சங்கு கோயிலிலையும் ஊதுவினம், செத்தவீட்டிலையும் ஊதுவினம். எதுக்கு ஊதுறம் எண்டது எங்களுக்கு விளங்கினால் காணாது, தெற்கிலை இருக்கிறவனுக்கும் விளங்கவேணும். அதுக்குள்ளை இன்னொரு கூத்து. அரியநேத்திரன் தமிழரசுக் கட்சியின்ரை முன்னாள் எம்.பி. அந்தக் கட்சி செப்ரெம்பர் 1 ஆம் திகதி வவுனியாவிலை கூடி, ஆதரவு சஜித்துக்கு எண்டு முடிவெடுத்தது. கட்சியின்ரை சின்னம் வீடு. ஒரே வீட்டுக்குள்ளை ஒருத்தர் சங்கு ஊத, மற்றவர் ரெலிபோன் கதைச்சால், ஒழுங்கையிலை போறவனுக்கு எது கேக்கும் வாத்தியார்?

மகிந்த ஆக்களின்ரை மொட்டுச் சின்னத்துக்கு இந்த வாசிகசாலையிலை ஆள் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டினம்.

மூலையிலை நிண்டு சிரிக்கிற கம்பஸ் தம்பி, உன்னை மறக்கேல்லை. சைக்கிள் சின்னக் கட்சிக்காரர் சொல்லுற மாதிரித் தேர்தலைப் புறக்கணிக்க வேணுமெண்டு நோட்டீஸ் குடுத்தனீ. ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான் எண்டுறாய். அந்தக் கதையை நாங்கள் ஒருக்கா முழு ஊராய்ச் செய்து பார்த்தம். 2005 நவம்பர் 17. யாழ்ப்பாண மாவட்டத்திலை வாக்குப் போட்டது 1.21 வீதம். ஏன் போகேல்லை, ஆர் போகவேண்டாமெண்டது எண்டதைக் கொப்பரிட்டைக் கேள். கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லுவார். மகிந்த 50.29 வீதத்தோடை வெண்டார். அவருக்கும் ரணிலுக்கும் இடையிலை 1 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம் வாக்குத்தான் வித்தியாசம். ஒரு புள்ளடியும் போடாமல் நாங்கள் ஒரு சனாதிபதியைத் தெரிவு செய்து குடுத்தம். அதுக்குப் பிறகு நடந்தது பகிடிக்குள்ளை அடங்காது, நான் விடுறன். உன்ரை கோவத்தை நான் பிழை சொல்லேல்லை மோனை. வீட்டிலை இருக்கிறதும் ஒரு வாக்குத்தான். ஆற்றை கணக்கிலை விழுகுது எண்டதை மட்டும் முதலே பார்த்துக்கொள்.

சரி, கிழவன் எல்லாரையும் நக்கலடிச்சுப்போட்டான், தான் என்ன வெட்டி விழுத்தினவன் எண்டு யோசிக்கிறியள். சொல்லுறன்.

1982 ஒக்ரோபர் 20, முதலாவது சனாதிபதித் தேர்தல். 6 பேர் கேட்டவை. நான் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டுக் கால் கழுவாமல் போய் வரிசையிலை நிண்டனான். அந்தத் தேர்தலிலை ஹெக்டர் கொப்பேகடுவ எண்டு ஒருத்தர் கேட்டவர். சிறிமாவின்ரை அரசாங்கத்திலை விவசாய, காணி மந்திரியாய் இருந்தவர். அந்தக் காலத்திலை வெளியாலை இருந்து மிளகாய், வெங்காயம் வாறதை மறிச்சு வைச்சிருந்ததாலை, எங்கடை தோட்டக்காரர் கிடுகுக் கொட்டிலைப் பிடுங்கிப்போட்டுக் கல்வீடு கட்டினவை. 77 க்குப் பிறகு ஜே.ஆர் துறைமுகத்தைத் திறந்துவிட, கப்பலிலை வெங்காயம் வந்து இறங்கிச்சு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர் தேர்தலிலை நிக்காமல் ஒதுங்கியிட்டினம். யாழ்ப்பாணத்திலை தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் முதலாவது, கொப்பேகடுவ இரண்டாவது, ஜே.ஆர் மூண்டாவது. நாட்டிலை வெண்டது ஜே.ஆர். வேலிக்கு இந்தப் பக்கம் இனம், அந்தப் பக்கம் வெங்காயம் எண்டு அண்ணன் தம்பி கதை பேச்சில்லாமல் திரிஞ்சவை. ஒரே சீட்டிலை இனத்துக்கு 1, வெங்காயத்துக்கு 2 எண்டு போட்டிருக்கலாம். சட்டம் அண்டைக்கே விட்டிருந்தது. ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

பிறகு 2010. சண்டையை நடத்தின தளபதி ஒருபக்கம், நடத்தச் சொன்ன சனாதிபதி மற்றப்பக்கம். அடிச்சவனுக்கோ, அடிக்கச் சொன்னவனுக்கோ எண்டு எங்களைக் கேட்டவை. நாங்கள் அன்னத்துக்குப் போட்டுத் தளபதி பொன்சேகாவைத் தெரிஞ்சம், தோத்தார். 2015 இலையும் அன்னம், மைத்திரி. முதல்நாள் இரவு மகிந்தவோடை இருந்து அப்பம் சாப்பிட்டுப்போட்டு, அடுத்தநாள் அவருக்கு எதிராய் நிண்ட மனிசன். வெண்டார். அப்பத்தின்ரை கடனை 2018 ஒக்ரோபர் 26 இலை தீர்த்தார்: ரணிலைக் கலைச்சுப்போட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். 2019 இலையும் அன்னம், சஜித். யாழ்ப்பாணத்திலை 83.86 வீதம் குடுத்தம், கோத்தபாய வெண்டார். அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கும் எண்டு சின்ன வகுப்பிலை படிச்சது மெய்தான். மூண்டு தரமும் பிரிச்சது. பால் தெற்குக்குப் போச்சு, தண்ணி எங்களிட்டை வந்தது.

இந்த நிறைவேற்று அதிகாரக் கதிரையைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். 1978 இலை ஜே.ஆர் செய்து வைச்சது. அதை 1995 யூலை 15 க்குள்ளை உடைக்கிறன் எண்டு சந்திரிகா 1994 இலை சொன்னவ. 62 வீதத்துக்கு மேலை வாக்குக் குடுத்தம். 1999 இலை திரும்பவும் வந்து அதே கதிரைக்குக் கேட்டவ. மகிந்தவும் உடைக்கிறன் எண்டார். கடைசியிலை 18 ஆம் திருத்தத்தாலை எத்தினை தரமும் இருக்கலாமெண்டு அதுக்கு ஆணி அடிச்சு இறுக்கினார். மைத்திரி 19 ஆலை கொஞ்சம் சீவினார். கோத்தபாய 20 ஆலை திருப்பி ஒட்டினார். நிண்டுகொண்டிருக்கேக்கை எல்லாருக்கும் அந்தக் கதிரை பொல்லாதது. இருந்தாப்பிறகுதான் மெத்தை பிடிபடுகுது.

அப்ப என்ன செய்யிறது? அதுக்குத்தான் வாறன்.

கொம்மா உன்னைச் சந்தைக்கு அனுப்பேக்கை, 'விளைமீன் வாங்கு, இல்லாட்டி ஓரா, அதுவும் இல்லாட்டி சூடையாவது வாங்கு' எண்டுதானே சொல்லி விடுறவ? விளைமீன் இல்லையெண்டு வெறும் பையோடை வந்து, 'கொள்கையோடை வந்திருக்கிறன் அம்மா' எண்டு ஒருக்காச் சொல்லிப்பார், அகப்பைக்காம்பு எங்கை இருக்கெண்டு தெரியவரும். வாக்குச் சீட்டிலையும் அந்த மூண்டும் இருக்கு. 1, 2, 3 எண்டு மூண்டு பேருக்கு விருப்பம் சொல்லலாம். ஆராவது ஒருத்தர் பாதிக்கு மேலை எடுத்தால் கதை அதோடை முடிஞ்சுது. ஒருத்தரும் எடுக்காட்டில், முன்னுக்கு நிக்கிற இரண்டு பேரை வைச்சுக்கொண்டு மிச்ச எல்லாரையும் வெளியிலை விடுவினம். வெளியிலை போனவைக்கு 1 போட்ட சீட்டுகளைத் திருப்பி எடுத்து, 2 ஆருக்கு எண்டு பார்ப்பினம். அந்த இரண்டு பேரிலை ஒருத்தருக்கு எண்டால் அவரின்ரை கணக்கிலை சேரும். 2 உம் வெளியிலை போனவருக்கு எண்டால் 3 ஐப் பார்ப்பினம். 2 போட்டால் 1 பலவீனப்படும் எண்டு ஆரோ உங்களுக்குக் காதுக்குள்ளை ஓதியிருக்கினம். பச்சைப்பொய். நீ 1 போட்ட ஆள் களத்திலை நிக்கும் வரைக்கும் உன்ரை 2 ஐ ஒருத்தரும் திரும்பியும் பார்க்காயினம்.

1982 இலை இருந்து 2019 வரைக்கும் நடந்த 8 தேர்தலிலையும் ஆரோ ஒருத்தர் முதல் எண்ணிக்கையிலையே பாதியைத் தாண்டியிட்டார். ஆனபடியால் அந்த எட்டிலையும் 2 ஐயும் 3 ஐயும் நாட்டிலை ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை. இந்த முறை மூண்டு பெரிய ஆக்கள் இழுபடுகினம். எண்ண வேண்டி வந்தாலும் வரும். நான் சாத்திரம் சொல்லேல்லை, கணக்குச் சொல்லுறன்.

இப்ப விளங்குதோ வாத்தியார்? சங்குக்கு 1 போட்டு உங்கடை நெஞ்சிலை இருக்கிறதைச் சொல்லுங்கோ. 2 இலை, ஆரோடை அடுத்த 5 வருசமும் முண்டவேண்டி வருமோ, அந்தாளைப் பற்றிச் சொல்லுங்கோ. மருமோன், உங்களுக்கும் அதுதான்: ரெலிபோனுக்கு 1 எண்டால், லைன் அறுந்தால் ஆர் எண்டு 2 இலை எழுதுங்கோ. கம்பஸ் தம்பி, ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டால் எல்லாரிலும் பார்க்க ஆரிலை கூடப் பயமோ, அவரை மட்டும் விட்டுட்டு மிச்சத்திலை மூண்டு பேரைப் பொறுக்கு. இதுக்காக வேலி பாயத் தேவையில்லை. ஒரு சீட்டிலை மூண்டு பேருக்கு இடம் இருக்கேக்கை, ஒருத்தருக்காக மூண்டு பேரோடை பகைக்கிறியளே, அதைத்தான் நான் மோட்டுத்தனம் எண்டுறன்.

இன்னொண்டு. வாறவர் நல்லவரோ கெட்டவரோ எண்டு விவாதிக்கிறியள். அவர் என்ன உங்கடை வீட்டிலை சம்பந்தம் பேசவே வாறார்? எங்கடை வாக்கு அவருக்கு எவ்வளவு தேவை எண்டு விவாதியுங்கோ. நாட்டிலை 1 கோடி 71 லட்சம் வாக்கு, அதிலை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 லட்சத்துக்குக் கிட்ட. நெருக்கமான போட்டியிலை அது சில்லறை இல்லை. வாறவரிட்டைக் காணியைக் கேளுங்கோ, மாகாண சபைத் தேர்தல் எப்ப எண்டு திகதி கேளுங்கோ, இழுவைப்படகைப் பற்றிக் கேளுங்கோ. கிளிநொச்சியிலை 2017 பெப்ரவரியிலை இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ரை படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு தாய்மார் போராடுகினம். அவையளுக்கு என்ன பதில் எண்டு கேளுங்கோ. அதைக் கேக்கேக்கை மட்டும் பகிடி விடாதையுங்கோ, நானும் விடமாட்டன்.

என்ரை பேத்தி நேற்றுக் கேட்டாள், 'அப்பு, 39 பேர் வேட்புமனுக் குடுத்தவை, அதிலை ஒரு பொம்பிளையும் இல்லையே, ஏன்?' எண்டு. 1960 இலை உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைக் குடுத்த நாடு, வாக்காளரிலையும் பாதிக்கு மேலை பொம்பிளையள். எனக்குப் பதில் வரேல்லை. 'கட்டுக்காசு கூடவாக்கும் பிள்ளை' எண்டு சமாளிச்சன். அவள் போனிலை தட்டிப் பார்த்துப்போட்டு, கட்சிக்கு 50 ஆயிரம், சுயேச்சைக்கு 75 ஆயிரம் எண்டாள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவைமாடு வாங்கேலாது; சனாதிபதி வேட்பாளர் ஆகலாம். இவ்வளவு பேர் ஏன் நிக்கினம் எண்டதும் அண்டைக்குத்தான் விளங்கிச்சு. மாடெண்டால் விடிய எழும்பிப் புல்லுப் போடவேணும்.

கடைசியாய், போடுற முறை. ஒருத்தருக்கு மட்டும்தான் எண்டால் 1 எண்டோ புள்ளடியோ போடலாம். மூண்டு பேருக்கு எண்டால் வடிவாய் 1, 2, 3 எண்டு இலக்கத்திலை போடுங்கோ. புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்து போட்டுக் குழப்பாதையுங்கோ. இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் சீட்டுக் குப்பை. 'எல்லாரும் கள்ளர்' எண்டு சீட்டிலை எழுதிப்போட்டு வாற ஆக்களும் இருக்கினம். எண்ணுற உத்தியோகத்தர் வாசிச்சுச் சிரிப்பார், வேறை ஒண்டும் நடக்காது. சீட்டு முழத்துக்கு மேலை நீளம், கண்ணாடியை மறக்காமல் கொண்டு போங்கோ. அடையாள அட்டையையும்.

நான் ஆருக்குப் போடுவன் எண்டு அறியத்தானே இவ்வளவு நேரமும் பொறுமையாய் இருந்தனீங்கள்? உதிலை ஒளிக்க ஒண்டும் இல்லை. திசைகாட்டிக்காரர் படலையடிக்கு வந்தவை, 'உங்களுக்குத்தான் ராசா' எண்டு சொன்னன். சிலிண்டர்காரர் வந்தவை, அவையளுக்கும் சொன்னன். ரெலிபோன், சங்கு, மொட்டு, பேரறியாத சின்னம் எல்லாம் வந்தது; ஒருத்தரையும் மனம் நோக அனுப்பேல்லை. கிழவன் பொய் சொல்லிப்போட்டான் எண்டு சொல்லாதையுங்கோ. அதிலை மூண்டு பேருக்கு நான் சொன்னது சத்தியம். மிச்ச ஆக்களுக்கு, அவையள் இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொன்ன மாதிரித்தான் நானும் சொல்லியிருக்கிறன்.